குழாய்க்குள் கேட்ட மூச்சு

உன் பிஸ்கட் டின்னை இன்று மதியம் திறந்தேன். அந்துருண்டை வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. உன் மகன் இதைக் கொண்டுவந்து கொடுத்து இரண்டு வருடமாகிறது. தையல் மெஷினுக்குப் பின்னால் துணி மூட்டைகளுக்கு அடியில் வைத்துவிட்டு, அந்தப் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொண்டேன். நம் ஊர் ஈரத்துக்கு சிடியில்கூடப் பூசணம் பிடிக்கும் என்று நீ ஒவ்வொன்றுக்கும் நடுவில் காகிதம் வைத்து, மூலைக்கு ஓர் உருண்டை போட்டிருந்தாய். ஒன்றில்கூடப் பூசணம் இல்லை. நீ போய்விட்டாய், உன் சிடிகள் மட்டும் பளபளவென்று இருக்கின்றன. எனக்குக் கோபம்தான் வந்தது.

திறந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நாளைக் காலை எனக்குத் தலையில் ஸ்கேன். அதே பெரிய ஆஸ்பத்திரி, அதே கீழ்த்தளம், நீ படுத்த அதே குழாய். மூன்று மாதமாக வலது கையில் ஊசி நிற்கவில்லை. விரல் மரத்துப்போகிறது, ஊசி எங்கே விழுந்தது என்றுகூடத் தெரிவதில்லை. வயசு என்று நான் சொன்னேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. ஒரு தாளைக் கொடுத்தார்கள். உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக்கூடாது, காதில் ஹெட்ஃபோன் மாட்டுவார்கள், பிடித்த இசை இருந்தால் சிடியில் கொண்டுவரலாம். உனக்குக் கொடுத்தார்களே, அதே தாள். கடைசி வரியை இரண்டு தடவை படித்தேன்.

உலோகம் பரவாயில்லை. ரவிக்கையிலும் முந்தானையிலும் எப்போதும் குத்தியிருக்கும் குண்டூசிகளை இப்போதே எடுத்து எண்ணிப் பார்த்துவிட்டேன், ஒன்பது. இசைதான் என்னைக் கொல்கிறது. எந்த சிடியை எடுத்துப்போவது என்று கேட்க எனக்கு வேறு ஆள் இல்லை. உனக்கு எழுதுகிறேன்.

மலேசியாவில் இந்தப் புக்கிட் ரோத்தானில் பள்ளி வேன் ஓட்டும் பெண்ணும், யூனிபார்ம் தைக்கும் பெண்ணும் முன்னூறு வருடத்துக்கு முந்தைய ஐரோப்பிய ஆர்கன் இசையைக் கேட்டார்கள் என்று யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். எல்லாம் அந்த வெள்ளைக்கார சாமியாரால் வந்தது. அவர் சொந்த நாட்டுக்குத் திரும்பியபோது உங்கள் கோவிலில் ஒரு பெட்டி சிடியை விட்டுப் போனார். ஈஸ்டருக்குச் சுத்தம் செய்தவர்கள் குப்பையில் போடச் சொல்ல, நீ வேனில் போட்டுக்கொண்டாய். நான் சாமி கும்பிடும் கோவில் வேறு. ஆனால் ஆயிரம் குழல்களுக்குள் காற்றைச் செலுத்தி வாசிக்கும் அந்த வாத்தியத்தின் முதல் அதிர்வு உன் வேன் இருக்கையில் ஏறி என் முதுகில் நுழைந்த அன்று, நானும் மாட்டிக்கொண்டேன்.

காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு என் கடை வாசலில் ஹார்ன் அடிப்பாய். திரும்ப ஏற்ற பன்னிரண்டரை ஆகும். நடுவில் உள்ளது நம் நேரம். பாலத்தைத் தாண்டி பாசிர் பெனம்பாங்கில், படகுகளுக்கு எதிரே வேனை நிறுத்துவாய். கண்ணாடியை ஏற்றுவாய். ஏர்கோன் சத்தம் கெடுக்கிறது என்று அதையும் அணைப்பாய். பிள்ளைகள் மறந்துவிட்டுப்போன தண்ணீர்ப் போத்தல்களுக்கு நடுவில் வேர்த்து வழிந்துகொண்டு கேட்போம். ஒருநாள் மீன்கடைச் சீனக் கிழவர் கண்ணாடியைத் தட்டி, யார் செத்துப்போனார்கள் என்று மலாயில் கேட்டார். யாரும் சாகவில்லை என்று நீ சொன்னதும், அப்புறம் ஏன் என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று நாம் சிரித்த சிரிப்பில் வேனே ஆடியது.

கேட்பது பாதி வேலைதான். கழிப்பது மீதி. ஒரே இசைக்கு நான்கு பதிவுகளைத் தபாலில் வரவழைத்து, இறால் தரம் பிரிப்பது மாதிரி உட்கார்ந்து பிரிப்பாய். புது ஆர்கனில் வாசித்தது முதலிலேயே போய்விடும். பழைய ஆர்கனாக இருந்தாலும், பழுது பார்க்கிறேன் என்று சுருதியைச் சீராக்கி வைத்திருந்தால் அதுவும் போகும். அந்தக் காலத்துச் சுருதியில் சில இடங்கள் புளிக்கும். அந்தப் புளிப்பு உனக்கு வேண்டும். புளிக்காத ரசத்தை யார் குடிப்பார்கள் என்பாய். கடைசிப் பரீட்சை காற்று. உறைக்குள் இருக்கும் சின்னப் புத்தகத்தை மூக்குக்கு அருகில் பிடித்து, காற்றை மோட்டார் அடிக்கிறதா, ஆள் மிதிக்கிறாரா என்று தேடுவாய்.

“மோட்டார் காத்து செத்த காத்துடி” என்பாய்.

எல்லாவற்றையும் தாண்டி நின்றது அந்தக் கிராமத்துப் பதிவு ஒன்றுதான். வட ஜெர்மனியில் கடலோரத்தில் ஒரு சேற்று நிலம். கடல் உள்ளே வராமல் கரை கட்டியிருக்கிறார்களாம். நம்ம ஊர் மாதிரியே லா என்று உனக்கு அதில் ஒரு பெருமை. அங்கே வாத்தியத்துக்குப் பின்னால் இரண்டு பெரிய தோல் துருத்திகள். ஒரு மனிதர் ஒன்றை மிதித்து ஏற்றுவார். அது மெல்ல இறங்கி முடிவதற்குள் மற்றொன்றை ஏற்றிவிடுவார். காது கொடுத்தால் இசைக்கு அடியில் அது கேட்கும். புஸ்ஸென்று ஒரு மூச்சு, பலகை முனகும், எதிர்ப்பக்கம் இன்னொரு மூச்சு. பதிவில் ஏதோ கோளாறு என்று நான் முதலில் சொன்னேன். அன்று முழுக்க நீ என்னுடன் பேசவில்லை.

அப்புறம் அந்தத் திங்கட்கிழமை. பதினொரு பிள்ளைகளை வைத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலைக் கடந்து போய்க்கொண்டே இருந்தாய். ஒரு சின்னப்பெண் அழுது கத்தியபிறகுதான் நிறுத்தினாயாம். எங்கே போகிறோம் என்று மறந்துவிட்டது என்று என்னிடம் சொன்னாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஸ்கேனுக்கு முந்தின நாள், என்ன சிடி வேண்டும் என்று கேட்டேன். தலை சுற்றுகிறது, நீயே எடு என்றாய். டின்னில் எத்தனையோ இருந்தன. இனிமையாக, சின்னக் குழல்களில் மட்டும் வாசித்தது இருந்தது. யாருக்கும் தொந்தரவு இல்லாத சுத்தமான நகரத்துப் பதிவு இருந்தது. நான் கிராமத்துப் பதிவை எடுத்தேன். ஏன் தெரியுமா? உன்னிடம் பேர் வாங்க. பார், எனக்கும் தேர்ந்தெடுக்கத் தெரிகிறது என்று காட்ட. நோயாளிக்கு என்ன வேண்டும் என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. இதை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இருபது நிமிடம்கூட ஆகவில்லை, கதவு திறந்தது. ஆஸ்பத்திரி அங்கியில் நீ நின்றாய். முகத்தில் ரத்தமே இல்லை. பயமாக இருந்தால் அமுக்கச் சொல்லி ஒரு ரப்பர் உருண்டை கொடுப்பார்களே, அதை இன்னும் பிடித்திருப்பது போலவே உன் விரல்கள் மடங்கியிருந்தன.

“உள்ள யாரோ மூச்சு விடுறாங்கடி. என் தலமாட்டுலயே.”

இயந்திரம் தட்டிக்கொண்டே இருக்கும்போது ஒன்றும் தெரியவில்லையாம். அது தட்டுவதை நிறுத்தும் ஒவ்வொரு இடைவெளியிலும் அந்தத் துருத்தி மட்டும் கேட்டிருக்கிறது. எத்தனை நூறு தடவை கேட்டிருப்பாய். ஆனால் மல்லாந்து படுத்து, தலையைச் சட்டத்துக்குள் பூட்டி, மூக்குக்கு மேலே ஒரு சாண் இடம் இருக்கும்போது அது வேறு சத்தம். சிடி இல்லாமல் மறுபடி படுங்கள் என்று அவர்கள் தன்மையாகத்தான் சொன்னார்கள். நீ அந்த அறைக்குள்ளேயே போகமாட்டேன் என்றாய். அடுத்த தேதி ஆறு வாரம் கழித்துக் கிடைத்தது.

அந்த ஆறு வாரத்தைத் திருடியது நான். நீ போனபிறகு உன் மகன் டாக்டரிடம் கேட்டானாம். அந்த ஆறு வாரத்தால் எதுவும் மாறியிருக்காது என்று அவர் சொல்லியிருக்கிறார். எனக்காகவே போய்க் கேட்டுவந்திருப்பான், நல்ல பிள்ளை. நம்ப ஆசைதான். சட்டைக்குக் காஜா எடுக்கும்போது, குளிக்கும்போது, ஆறு வாரம் ஆறு வாரம் என்று உள்ளே ஓடிக்கொண்டே இருக்கிறது.

இரண்டாவது தடவைக்கு நான் சிடியைத் தொடவே இல்லை. நீயே எதையோ பையில் போட்டுக்கொண்டாய். நாற்பது நிமிடம். கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன், திறக்கவில்லை. முடித்துக்கொண்டு வந்தாய். உனக்கு வேன் ஓட்டத் தடை, அதனால் என் வீட்டுக்காரர்தான் காரில் நம்மைக் கூட்டிவந்தார். பின்சீட்டில், எந்த சிடி என்று கேட்டேன். அதேதான் என்றாய். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“மொத தடவ யாருன்னு தெரியல, அதான் பயந்துட்டேன். இந்தத் தடவ அது நீதான்னு வச்சுக்கிட்டேன். வெளிய நாற்காலில உக்காந்து மூச்சு விட்டுக்கிட்டுத்தானே இருந்த லா.”

நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். செம்பனை மரங்கள் வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. என் வீட்டுக்காரர் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். செம்பனைப் பழக்குலை லோரியை முப்பது வருடம் ஓட்டிய மனிதர், நம் இசையைப் பேய்ப்படம் என்பவர். அவர் கேட்டிருப்பார் என்றே நான் நினைக்கவில்லை.

இப்போது அந்த மூன்று சிடிகளும் என் மேசைமேல் இருக்கின்றன. ஒத்திகை பார்த்தேன். சிரிக்காதே. கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, துணி வெட்டும் மேசைமேல் மல்லாந்து படுத்து, கையை உடம்போடு ஒட்டி, கண்ணை மூடி, ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டேன். முதலில் நகரத்துப் பதிவு. எவ்வளவு சுத்தம். மூன்றாவது நிமிடத்தில் உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. அதற்குள் ஒரு ஆள் இல்லை. பெரிய கோவிலில் என்னை வைத்துப் பூட்டிவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்ட மாதிரி இருந்தது. எழுந்து, சின்னக் குழல் சிடியைப் போட்டேன். அது தாலாட்டு மாதிரி. எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று தெரிந்துகொண்டு என்னைத் தாஜா பண்ணுகிற மாதிரி இருந்தது. அதுவும் பயம்தான்.

கடைசியாக நம்முடையது. காற்று ஏறியது. முதல் மூச்சு கேட்டது. நீ சொன்னதைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தேன். ஆனால் நீ சொன்னது உனக்குச் சரி. நான் வெளியே உட்கார்ந்திருந்தேன், உயிரோடு இருந்தேன், நிஜமாகவே மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு யார்? நீ அந்த நாற்காலியில் இல்லை. இந்த மூச்சு உன்னுடையது என்று வைத்துக்கொண்டால், செத்துப்போனவள் அல்லவா என் தலைமாட்டில் மூச்சு விடுகிறாள். அதை நினைத்த மாத்திரத்தில் ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறிந்தேன். அந்த நேரம் பார்த்து யூனிபார்ம் வாங்க வந்த பெண் ஷட்டரைத் தூக்கி, வெட்டுமேசையில் விறைத்துக் கிடந்த என்னைப் பார்த்து வீலென்று கத்தினாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தோம். பாவாடையை வாங்காமலே போய்விட்டாள்.

எனக்குச் சாகப் பயமாக இருக்கிறது. இதை யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் சும்மா ஒரு ஸ்கேன் என்றுதான் சொல்லிவைத்திருக்கிறேன். உனக்கு வந்ததே எனக்கும் வந்திருக்குமோ என்று பயம். நாளை அந்த ரப்பர் உருண்டையை அமுக்கிவிட்டு ஓடிவந்து, இன்னொரு ஆறு வாரத்தைத் தொலைப்பேனோ என்று அதைவிடப் பயம்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் தேநீர் கொண்டுவந்தார். மேசைமேல் சிடிகள் பரப்பிக் கிடப்பதைப் பார்த்தார். எது எதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் முதல் தடவை. சொன்னேன். மூன்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு, கிராமத்துச் சிடியை எடுத்து என் கைப்பையில் போட்டார், தாளுக்குப் பக்கத்தில்.

“இந்தா, மூச்சு விடுறதையே எடுத்துக்க. நான் வெளியதான் உக்காந்திருப்பேன்” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். தேநீர் ஆறுகிறது, குடி என்று சொல்லிவிட்டுக் காருக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். அவர் போனபிறகு மேசையில் தலை வைத்து அழுதேன். காரின் பின்சீட்டில் நீ எனக்குச் சொன்னதை, ஓட்டிக்கொண்டிருந்த மனிதர் இத்தனை நாள் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்.

ஆகவே சிடி முடிவாகிவிட்டது. மற்ற இரண்டையும் காகிதம் வைத்து டின்னில் அடுக்கிவிட்டேன். புது அந்துருண்டையும் போட்டேன்.

பயம் போகவில்லை. கை இப்போதும் மரத்திருக்கிறது, எழுத்து கோணுவதைப் பார்க்கிறாய் அல்லவா. நாளை அந்த இயந்திரம் தட்டுவதை நிறுத்தும்போது துருத்தி கேட்கும். ஒன்று இறங்குவதற்குள் மற்றொன்று ஏறும். ஒன்று அவருடையது என்று வைத்துக்கொள்வேன், அவர் நாற்காலியில் இருப்பார். மற்றது உன்னுடையது. அவர் மூச்சும் பக்கத்தில் இருந்தால் உன்னுடையதை என்னால் கேட்க முடியும் என்று நினைக்கிறேன். நாற்பது நிமிடம்தான். நான் அமுக்கமாட்டேன்.