அம்மா பைலட், அப்பா ஓனர்

கண்டமங்கலம்,
ஆவணி மாதம், ஞாயிறு.

அன்பு மகன் கோபிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் மாடு கன்றுகளும் நல்லபடி இருக்கிறோம், நீ அந்தக் கனடா குளிரில் காதை மூடிக்கொண்டு போகிறாயா என்பதுதான் என் கவலை. போனில் சொன்னால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து குறுக்கே குறுக்கே திருத்துகிறார், அதனால்தான் எழுதுகிறேன்.

மருந்தடிக்க ஆள் கிடைக்கவில்லை என்று அப்பா ட்ரோன் வாங்கியது உனக்குத் தெரியும். ஆன்லைனில் அவர் பேரில் பதிந்து, வண்டிக்கு வருவது மாதிரி அதற்கும் ஒரு நம்பர் வந்தது. அதற்குப் பிறகுதான் ஓட்டுகிறவருக்குப் பைலட் சர்டிபிகேட் வேண்டும், அறுபத்தைந்து வயதுக்கு மேல் கிடையாது, பத்தாவது பாஸ் பண்ணியிருக்க வேண்டும் என்றார்கள். அறுபது முடிந்த அன்றைக்கே பேங்கில் பெரியவர்கள் வரிசையில் போய் நின்றவர், இப்போது, அன்னிக்கு ஸ்கூல்ல சேர்க்கும்போது வாத்தியார் அஞ்சு வயசு கூட்டி எழுதிட்டாரு என்று சாதிக்கிறார். வயதைக் குறைத்தாலும் அவர் ஒன்பதாவதோடு நின்றதை என்ன செய்வது? வீட்டில் பத்தாவது பாஸ் நான் ஒருத்திதான். திண்டிவனம் பக்கம் ஒரு பயிற்சி மையத்துக்கு என்னை அனுப்பினார். இருபது வயதுப் பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்து படித்து, பாஸும் பண்ணிவிட்டேன். இப்போது நான் பறக்கவிடுகிறேன், அப்பா பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வரப்பில் நின்று, பஸ் ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி வா வா வா, லெப்டு ஒடி என்கிறார்.

இதெல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, உன் சித்தப்பா ஜெகதீசன் மகள் ஆர்த்தியின் கல்யாணம் வரும் வரைக்கும். மாலை ரெண்டும் வானத்திலிருந்து இறங்கணும் என்று அப்பா என்னைக் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டார். கூட்டத்துக்கு மேலே பறக்கவிடக் கூடாது, மேப்பில் அந்த இடம் தாராளமாகப் பறக்கிற பச்சையா, அனுமதி கேட்டுப் பறக்கிற மஞ்சளா என்று பார்க்க வேண்டும், முடியாது என்றேன். நாந்தான் ஓனரு என்றார். நாந்தாங்க பைலட்டு என்றேன். சித்தப்பா வாசலில் வந்து நின்று, ஏன் அண்ணி, ஊரான் நெல்லு மேல பறப்பீங்க, எம் பொண்ணு கல்யாணத்துக்குப் பறக்க மாட்டீங்களா, அப்ப நீங்க வரவே வாணாம் என்று கத்திவிட்டுப் போனார். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஆனாலும் ரிமோட்டை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, கூப்பிடாவிட்டாலும் கல்யாணத்துக்குப் போய்விட்டேன்.

அப்பா விட்டாரா? விழுப்புரத்துப் போட்டோக்காரன் வல்லரசிடம் ஒரு பெரிய ட்ரோன் இருந்தது, அவன் மச்சான் வெளிநாட்டிலிருந்து சூட்கேசில் துணிக்கு நடுவே ஒளித்துக் கொண்டுவந்தது. நம்பரும் கிடையாது, ஒன்றும் கிடையாது. நம்பர் இல்லன்னா யாரு கண்டுபிடிப்பாங்க என்று இரண்டு மாலையையும் அதில் மாட்டினார்கள். மண்டப வாசலில் பெண்ணும் மாப்பிள்ளையும் அண்ணாந்து கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்க, அது ஆடி ஆடி வந்தது, தலைக்கு மேலே கொஞ்சம் நின்றது, பிறகு என்ன நினைத்ததோ ரோட்டுப் பக்கம் திரும்பி, ஆள் ஏற்றிக்கொண்டு நின்ற பாண்டிச்சேரி பஸ் கூரைமேல் போய் உட்கார்ந்துவிட்டது. பஸ் கிளம்பிவிட்டது. அப்பா மொபெட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே பறந்தார்.

மாப்பிள்ளையின் அம்மா, அபசகுனம், நிறுத்துங்க என்று அழுகிறாள். அய்யர் முகூர்த்தம் போகிறது என்கிறார். சித்தப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ஆர்த்திதான், மாலை போனா போவுது, மாப்பிள்ள இங்கதான இருக்காரு என்றாள். அவள் சொன்னதும் எனக்குத் தைரியம் வந்தது, மாப்பிள்ளை காரில் கட்டியிருந்த சாமந்திச் சரத்தை அவிழ்த்து, பூச்சியை உதறி, இரண்டாக அறுத்து முடிந்து கொடுத்தேன். மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அதைப் பார்த்து அவன் அம்மாவுக்கும். தாலி நல்ல நேரத்திலேயே ஏறியது.

பந்தி நடக்கும்போது அப்பா வந்தார். மொபெட் ஓட்டக் கை வேண்டுமே என்று இரண்டு மாலையையும் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டு, கையில் ட்ரோனுக்குக் கண்டக்டர் கிழித்த லக்கேஜ் டிக்கெட்டோடு நின்றார். ஆர்த்தி எழுந்துபோய் ஒரு மாலையைக் கழற்றி என் கழுத்தில் போட்டு, பெரியம்மா, அவர் பக்கத்துல நில்லுங்க என்றாள். வல்லரசு அழுதுகொண்டே போட்டோ எடுத்தான். சித்தப்பா என்னிடம் வந்து, அண்ணி, மன்னிச்சிடுங்க, வாங்க சாப்பிடலாம் என்று தானே இலை போட்டார்.

வல்லரசின் மிஷினை, பாண்டிச்சேரி பஸ் ஸ்டாண்டில் கூரையிலிருந்து இறக்கும்போதே போலீஸ் பிடித்து வைத்துக்கொண்டது. பறந்தது தமிழ்நாட்டில், அங்கே போய்க் கேள் என்கிறார்களாம், இங்கே கேட்டால் இறங்கினது அங்கேதானே என்கிறார்களாம். பொங்கலுக்கு வரும்போது ட்ரோன் வாங்கி வருகிறேன் என்றாயே, வேண்டாம் சாமி. வெளிநாட்டு ட்ரோனை இங்கே கொண்டுவரவே கூடாது என்று கிளாஸிலேயே சொன்னார்கள். ஒரு ஸ்வெட்டர் போதும்.

வேளைக்குச் சாப்பிடு, நீயும் மருமகளும் தீர்க்காயுசாக இருங்கள். மறக்காமல் அப்பாவுக்கு ஒரு போன் போடு. கல்யாணத்தைப் பற்றி அவர் வேறு மாதிரி சொல்வார், பஸ்ஸை அவரே நிறுத்தியதாகக்கூடச் சொல்வார். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள். அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டியிருக்கிறார், அதையும் விசாரி, சந்தோஷப்படுவார்.

உன் அம்மா,
மு. தையல்நாயகி,
ரிமோட் பைலட்.