உன் அப்பா வீட்டாரும் கப்பல்காரர்களும்

அன்புள்ள டெவன்,

இங்கே நான், மாமா, மழை மூவரும் சௌக்கியம். நீயும் அந்த மணல் ஊரில் சௌக்கியமாக இருந்து நிறையத் தண்ணீர் குடிக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம், ஆனால் தொலைபேசியில் நான் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு மழையைப் பற்றிப் பேசி வைத்துவிடுவேன் என்பது உனக்குத் தெரியும். இந்த விஷயத்துக்கு எனக்குத் தாள் வேண்டியிருக்கிறது.

கோடை முழு வீச்சில் இருக்கிறது. ஒரு சுற்றுலாக் கப்பல் போனதும் அடுத்தது வந்து நிற்கிறது, துறையில் கால் வைக்க இடமில்லை. கரடி பார்க்க வண்டியில் ஆற்றுக்குப் போகிறவர்கள், மலை உச்சியிலிருந்து கம்பியில் தொங்கிக்கொண்டு கத்தியபடி இறங்குகிறவர்கள், திமிங்கிலம் பார்க்க நம் படகில் ஏறுகிறவர்கள் என்று மதியம்வரை ஊர் நம் ஊர் மாதிரியே இல்லை. போன வாரம் ஒரு கரடி எர்னஸ்டின் அத்தையின் மீன் புகைபோடும் கொட்டகைக் கதவைப் பெயர்த்துவிட்டது. அத்தை வெளியே வந்து, "பெரியவரே, எங்களுக்கும் கொஞ்சம் விட்டுவைங்க" என்று முறைப்படி மரியாதையாகச் சொன்னாராம், அதுவும் போய்விட்டதாம். மரியாதைக்காகப் போகவில்லை, உன் அத்தை மீனில் போடும் உப்புக்குப் பயந்து போயிற்று என்று மாமா துறையெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். அத்தை இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு ஜாடி மீன் கொடுத்தனுப்பினார், உண்மையிலேயே உப்பு அதிகம்.

சொல்ல வந்தது வேறு. உன் அப்பா போனதற்கு அடுத்த கோடை உனக்கு நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை. உனக்கு ஏழு வயது. அடக்கம் முடிந்த நாளிலிருந்து நீ பேசுவதை நிறுத்தியிருந்தாய். உன்னை வீட்டில் விட மனமில்லாமல் தினமும் படகுக்குக் கூட்டிப் போவேன், நீ மிதவைச் சட்டைப் பெட்டிக்குப் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். ஒரு நாள் காலையில் ஓர்கா திமிங்கிலங்கள் கூட்டமாக வந்தன. மாமா இயந்திரத்தை நிறுத்தினார், தொப்பியைக் கழற்றினார், உன்னைத் திரும்பிப் பார்த்து, "வாடா இங்க. உங்கப்பன் வீட்டு ஆளுங்க போறாங்க. பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தா நாளைக்கு என்னைத்தான் கேப்பாங்க" என்றார். நீ என் வயிற்றில் பிறந்ததால் எங்களைப் போலக் காக்கைக் குலம்தான், ஆனால் உன் அப்பா ஓர்கா குலம் என்பதால் அந்த வீட்டார் எல்லாருக்கும் நீ பிள்ளை முறை. மாமாவுக்கோ அவர்கள் தங்கை புருஷன் வீட்டார், சம்பந்தி வழி, கேலி பேசாமல் விடுவாரா. நம் பாஷையில், "என்ன மச்சான், குடும்பத்தோட கெளம்பிட்டீங்க, எங்க விருந்து? எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லல. போகட்டும். உங்க பிள்ளை நிக்கிறான், முகத்தைப் பார்த்துட்டுப் போங்க" என்று உரக்கச் சொன்னார். நீ மீன் பெட்டிமேல் ஏறி நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாய். பிறகு, "எனக்கு ஒரு பல்லு விழுந்துருச்சு" என்றாய். அவ்வளவு நாளுக்குப் பிறகு உன் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. அந்தப் பல் எப்போது விழுந்தது என்றுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நான் பயணிகளுக்கான கோகோ தட்டோடு அங்கேயே நின்றேன், கோகோ ஆறிப்போயிற்று. பயணிகளுக்கு ஒன்றும் புரியவில்லை.

அதற்குப் பிறகு அவர்கள் எதிர்ப்பட்ட போதெல்லாம் மாமா தொப்பியைக் கழற்றாமல் இருந்ததில்லை. நீயும் பள்ளிக்கூடச் செய்தியெல்லாம் அவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் என்னிடம் சொல்வாய். கணக்கில் தோற்றதை அவர்களிடம் மட்டுமே சொன்னாய், நான் பின்னால் நின்று கேட்டுக்கொண்டேன்.

இப்போது சிக்கல் அதில்தான். கப்பலில் உல்லாசப் பயணங்களை ஏற்பாடு செய்கிற கேட்லின் என்று ஒரு பெண் இந்த வருஷம் வந்திருக்கிறாள். கெட்டவள் இல்லை, எதையும் கேட்டுத்தான் எடுப்பாள். போன கோடையில் யாரோ ஒரு பயணி மாமா பேசியதைப் படம் பிடித்திருக்கிறார், அது அவள் கண்ணில் பட்டிருக்கிறது. ஓர்கா வந்தாலும் வராவிட்டாலும் ஒவ்வொரு பயணத்திலும் அதைச் செய்ய வேண்டும், நாம் விழாவில் போர்த்தும் பொத்தான் தைத்த போர்வையும் மேளமும் இருந்தால் இன்னும் நல்லது என்கிறாள். சம்மதித்தால் அடுத்த வருஷங்களுக்கும் நம் படகுதான். இல்லையென்றால் தெற்கிலிருந்து ஒரு பெரிய படகு வரும். மாமா, "அது என்னுது இல்லம்மா, என் மச்சான் வீட்டுச் சொத்து. அவங்களைத்தான் கேக்கணும்" என்றார். அவள் பேனாவை எடுத்து அவர்களுடைய தொலைபேசி எண் என்ன என்று கேட்டாள். மாமா, உன் அப்பாவோடு பிறந்தவர் ஆயிற்றே என்று எர்னஸ்டின் அத்தையின் எண்ணைக் கொடுத்துவிட்டார்.

அத்தை ரப்பர் பூட்ஸோடு, மீன் வாளியோடு துறைக்கு வந்தார். "வராத விருந்தாளிக்கு வாசல்ல நின்னு வாங்க வாங்கன்னா ஊரு என்ன நினைக்கும்? உங்க மாமியார் வராத அன்னிக்கு நீ அப்படிச் சொல்லுவியா?" என்று கேட்டார். கேட்லின், "அவங்க வர்ற அன்னிக்கே நான் சொல்றதில்ல" என்றாள். அத்தை வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார், அவளும் சிரித்தாள். பிறகு அத்தை எல்லார் முன்னாலும் சொன்னது இது: "எங்க பிள்ளைக்காக ஆரம்பிச்ச பேச்சு. அவன் சரின்னா சரி, வேண்டாம்னா வேண்டாம். நாங்க நடுவுல வர மாட்டோம்." அதனால்தான் இந்தக் கடிதம்.

வேண்டாம் என்றால் மாமா மறுபடி ஹாலிபட் மீன் பிடிக்கப் போக வேண்டும். அவருடைய தோள் இனி அந்தக் கயிற்றை இழுக்குமா என்று எனக்குச் சந்தேகம். தோளைப் பற்றி ஒரு எழுத்துகூட எழுதக்கூடாது என்று சொன்னார், எழுதிவிட்டேன், உனக்குத் தெரியாமல் நீ முடிவு செய்யக்கூடாது.

வியாழக்கிழமை நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கேட்லின் எங்களோடு படகில் வந்திருந்தாள். மூடுபனி விலகியதும் முனைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர்கள் வந்தார்கள், ஒரு குட்டியும் கூட. மாமா இயந்திரத்தை நிறுத்தித் தொப்பியைக் கழற்றினார். உடனே எல்லாக் கைகளும் செல்போனோடு மேலே எழுந்தன, கடலைப் பார்த்து இல்லை, மாமாவைப் பார்த்து. மாமா அதைப் பார்த்தார். பிறகு தொப்பியை மறுபடி தலையில் வைத்துக்கொண்டு சுக்கானைப் பிடித்தபடி பேசாமல் இருந்தார். அவர்கள் படகை ஒட்டியே போனார்கள், மூச்சு விடும் சத்தம் கேட்டது. இத்தனை வருஷத்தில் ஒரு முறைகூட அவர்களை நாம் பேசாமல் அனுப்பியதில்லை. நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு, யாருமில்லாத பக்கத்துக்குப் போனேன். படகில் நான் பேசுவதெல்லாம் படி ஈரம், பார்த்து இறங்குங்கள் என்பது மட்டும்தான், உனக்குத் தெரியும். அன்றைக்குச் சொன்னேன், மெதுவாகத்தான். "உங்க பிள்ளை தூரத்துல இருக்கான். மழையே பெய்யாத ஊரு. கல்லைப் பத்திப் படிக்கிறான். ஒல்லியாத்தான் இருக்கான், ஆனா இப்ப சிரிக்கிறான்." இன்னும் கொஞ்சம் சொன்னேன், அது எனக்கும் உன் அப்பா வீட்டாருக்கும் இடையில். பக்கத்தில் வந்து நின்ற ஒரு வயதான அம்மா யாரோடு பேசுகிறீர்கள் என்று கேட்டார். வீட்டுக்காரர் வழி உறவு என்றேன். கேட்லின் மாமாவிடம் போய், இப்போது நான் அங்கே செய்ததுதான் அந்தச் சடங்கா என்று கேட்டிருக்கிறாள். "இல்லம்மா, அது குடும்பப் பேச்சு" என்றாராம் மாமா.

அன்றிலிருந்து எனக்கு என் பதில் தெரியும். அதை எழுதமாட்டேன், எழுதினால் நீயும் எனக்காக அதையே எழுதுவாய். நூலகத்திலிருந்து பாலைவனத்தைப் பற்றி ஒரு புத்தகம் எடுத்து வந்து, இரண்டு பயணத்துக்கு நடுவில் படிக்கிறேன். அங்கேயும் ஒரு காலத்தில் கடல் இருந்ததாமே. நீ ஏன் சொல்லவில்லை?

அத்தையின் மீன் ஜாடி ஒன்றும் இரண்டு ஜோடி கம்பளிக் காலுறையும் அனுப்புகிறேன். அங்கே காலுறை எதற்கு என்று சிரிக்காதே, ராத்திரி குளிரும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. மீனைத் தண்ணீரில் ஊறவைத்துச் சாப்பிடு. உடம்பும் மனசும் திடமாக, நினைத்தது கைகூடி, நல்ல ஆட்கள் நடுவில் நீ நீண்ட நாள் வாழ வேண்டும்.

கடைசிக் கப்பல் கிளம்புவதற்குள் உன் பதில் வர வேண்டும். மாமாவுக்கு ஒரு வரி, அத்தைக்கு ஒரு வரி தனியாக எழுது. உன் அப்பா வீட்டாருக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அதையும் எழுது, வழியில் பார்த்தால் சொல்லிவிடுகிறேன்.

உன் அம்மா,
லோரீன்