செல்லக்கண்ணு கொட்டிய பால்

என் உயிரோடு ஒட்டிய முத்தையா மச்சானுக்கு,

இது என் கையெழுத்துதான். நம்ப மாட்டாய். ஊருக்குக் கடுதாசி என்றால் நான் சொல்லச் சொல்ல நீ எழுதுவாய், கடைசியில் நான் பெருவிரலை உருட்டுவேன். இப்போது ‘மு’ போடுகிறேன், ‘த்’ போடுகிறேன், உன் பெயர் வந்து நிற்கிறது. சிரிப்பாக வருகிறது. உன் மகள் செல்லக்கண்ணுதான் அடுப்புக்கரியால் தரையில் எழுதிக் காட்டிப் பழக்கினாள். எழுத்து வந்ததும் முதலில் உனக்குத்தான் எழுத நினைத்தேன். இப்படித் தப்பை ஒப்புக்கொண்டு எழுதுவேன் என்று நினைக்கவில்லை.

நமக்குப் பேரன் பிறந்திருக்கிறான். அப்படியே உன் மூக்கு.

தோட்டத்து வேலையை விட்டு, இரண்டு மாடு வைத்துக் கணக்கெழுதும் கிராணி வீட்டுக்குப் பால் ஊற்றுகிறேன். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க வேண்டுமே என்று, கறந்ததும் முதல் செம்பு பூண்டு போட்டுக் காய்ச்சி, என் மருமகளாகிவிட்ட உன் மகளுக்குத்தான். பிள்ளையோ அவளிடம் குடித்துவிட்டுக் காலை வயிற்றோடு மடக்கிக் கதறினான். கன்னமெல்லாம் சொரசொரப்பு. பால் போதாமல் அழுகிறான் என்று அவளுக்கு இன்னொரு செம்பு கொடுத்தேன். பிறகு அவன் மலத்தில் சளியும் இரத்தக் கீற்றும் வந்தன. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் மருந்து கொடுத்தார். மாந்தம் என்று மந்திரித்தும் பார்த்தோம். நிற்கவில்லை.

செல்லக்கண்ணு பிள்ளையோடு புலாவ் செபாங்கில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போனாள். அங்கே மாடு ஏது? கருவாட்டுக் குழம்பு, கீரை, கேழ்வரகுக் கூழ்தான். கொஞ்ச நாளில் பிள்ளை தெளிந்துவிட்டான் என்று சேதி வந்தது. நான் நம்பினேனா? பெற்றவளைப் பட்டினி போடுகிறார்கள் என்று பஸ் ஏறிப் போய்க் கூட்டி வந்தேன். மறுபடி செம்பு. மறுபடி கதறல், இரத்தம்.

ஒரு காலை தண்ணீர்க் குழாயடியில் அவள் பாலைக் கொட்டுவதைப் பார்த்துவிட்டேன்.

“என்னாடி, என் மாட்டுப் பாலு ஒனக்குச் சாக்கடைத் தண்ணியா?”

“மாமா, அம்மா வூட்டுல பாலே இல்ல, பிள்ள அழல. இங்க வந்து குடிச்சா அழுவுறான். அதான்...”

“ஒங்கப்பன் வூட்டு வறட்டுப் புத்தி! பாலக் கண்ணுல காட்டி வளத்தானா அவன்?”

குடத்தோடு நின்ற பெண்களில் அஞ்சலை சிரித்தாள். “பெருசு, மாட்டுக்கும் மருமவளுக்கும் சண்ட வந்தா நீ மாட்டுப் பக்கந்தான்லா!”

செல்லக்கண்ணு சிரிக்கவில்லை. “எங்கப்பாவ ஏன் இழுக்குறீங்க மாமா?” என்றாள். அவ்வளவுதான்.

என் மகன்தான், “கொஞ்ச நாளு நிறுத்திப் பாப்போம்ப்பா” என்றான். பால், தயிர், மோர், நெய் எல்லாம் விட்டாள். மீனும் கீரையும் நன்றாகச் சாப்பிட்டாள். தாய்ப்பாலை மட்டும் விடவில்லை. முதலில் இரத்தம் நின்றது, பிறகு கதறலும். இரண்டு மூன்று வாரத்தில் பிள்ளையின் தொடையில் சதை பிடித்து மடிப்பு விழுந்தது. மச்சான், மாடு கொடுத்த பால் ஒருத்தி மார்பு வழியாகப் போய்ப் பிள்ளையைக் குத்துமா? அங்கே யாருக்காவது தெரிந்தால் கேட்டு வை.

தெரியாமல் கொடுத்ததற்கு மனசை ஆற்றிக்கொள்ளலாம். அவள் சொன்ன பிறகும் காதில் வாங்காமல், செத்துப்போன உன்னையல்லவா இழுத்தேன்? அன்று சாயங்காலமும் கரிக்கட்டையோடு வந்து, “மாமா, இன்னக்கி ‘ழ’ எழுதணும்” என்றாள். என்னால் தலை நிமிர முடியவில்லை.

போன வாரம் மன்னிப்புக் கேட்டேன். “மெதுவா பேசுங்க மாமா, பிள்ள தூங்குறான்” என்றாள். ஆனால் குழாயடியில் எல்லார் முன்பும் பேசியதை வீட்டுக்குள் துடைத்துவிட முடியுமா? நாளைக் காலை பெரட்டுக்கு, வேலைக்குக் கிளம்பும் ஆண் பெண் எல்லாரும் வரிசையில் வந்து நிற்பார்கள். பெயர் கூப்பிடுவதற்கு முன் வேலை வாங்கும் மண்டோரிடம் கேட்டுக்கொண்டு, இந்தக் கடிதத்தை நானே எழுத்துக்கூட்டி வாசிப்பேன். நேரமாகும். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். கடைசி வரி வரை விட மாட்டேன், இது சத்தியம்.

உன் மகளுக்கு மாமனாக இருக்க இன்னும் பழகிக்கொண்டிருக்கும்,
உன் சம்பந்தி, காளிமுத்து