எதிர்த் தட்டில் கேட்ட குரல்

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

நானும் பட்டாணியும் உன் அக்கா வீட்டுக்குச் சௌகரியமாக வந்து சேர்ந்தோம். ரயிலில் அவளுக்கு ஜன்னல் ஓரம் கிடைத்தது. உன் நலத்தைக் கேட்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. நீ எழுதிய ஆறு பக்கத்தையும் நாங்கள் வந்த அன்றே உன் அக்கா காட்டிவிட்டார். அந்த நாட்டு ஆஸ்பத்திரியில் உன் நர்ஸ் வேலையை வேறு வார்டுக்கு மாற்றியதே அதைப் படித்துத்தான் எனக்குத் தெரியும். எனக்குப் போன மாதம் வந்தது ஒன்றேகால் பக்கம். சும்மா சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள்ளாதே. போனில் பேசலாம்தான். ஆனால் பேசினால் உன் அக்கா ஸ்பீக்கரில் போடச் சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக இங்குள்ள அறிவியல் பூங்காவுக்குப் போனோம். சகலை கேட்டிலேயே ஆரம்பித்துவிட்டார். இருபது வருஷம் அறிவியல் நடத்திய வாய், லீவிலும் ஓயவில்லை. எதற்கும் முதலில் ஒரு 'அதாவது'. தண்ணீர் கேட்டால்கூட 'அதாவது' என்றுதான் பாட்டிலைத் திறக்கிறார். நம் மகள் பட்டாணி அவர் விரலைப் பிடித்தவள் விடவே இல்லை. என் கைக்கு வந்தது சாப்பாட்டுப் பை, குடை, அவள் கழற்றிப் போட்ட செருப்பு.

கோபுரத்துக்கு ஏறும் லிஃப்டில் கதவு மூடும்போது ஒரு உதறல் இருந்தது. ரோலர் தேய்ந்திருக்கிறது. இந்த ஒரு விஷயமாவது எனக்குத் தெரியுமே, அவளிடம் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் சகலை புவியீர்ப்பைத் தொடங்கிவிட்டார். பதினைந்து வருஷமாக லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன் மூலையில் பையோடு நின்றேன்.

ஒரு இருட்டு அறை. பளிச்சென்று வெளிச்சம் அடித்தால் முன்னால் நிற்பவரின் நிழல் சுவரில் அப்படியே ஒட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் இருக்கும். மூன்று பேரும் கைகோத்து நின்றார்கள். நகர்ந்த பிறகும் சுவரில் பெரியப்பா, பெரியம்மா, நடுவில் நம் பட்டாணி. அங்கே வேலை பார்க்கும் பெண், உங்க குடும்பம் ரொம்ப அழகா விழுந்திருக்கு சார் என்றாள். சகலையைப் பார்த்துத்தான் சொன்னாள். அவரும் மறுக்கவில்லை. அந்த நிழல் மங்கும்வரை எனக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான். உன்னிடம் அதற்கு வேறு பெயர் வைத்து என்ன ஆகப் போகிறது.

சாப்பாட்டுக்குப் பிறகு புல்வெளிக்குப் போனோம். அதன் இரண்டு கோடியிலும் ஆள் உயரத்துக்கு ஒவ்வொரு பெரிய தட்டு. ஒன்றின் பக்கம் திரும்பி முணுமுணுத்தால், தூரத்தில் இருக்கும் எதிர்த் தட்டில் காதோடு பேசுவதுபோல் கேட்கும். பேசுகிற இருவரும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டித்தான் நிற்க வேண்டும். அவள் அந்தக் கோடி, சகலை இந்தக் கோடி. அவருக்கு யாரோ போன் செய்ய, அவர் அப்பால் நடந்துவிட்டார். கால் வலிக்கிறதே என்று அவர் நின்ற இடத்தில் நான் உட்கார்ந்தேன்.

பெரிப்பா, ஒண்ணு சொல்றேன், அப்பாகிட்ட சொல்லக் கூடாது என்றது தட்டு.

அப்பாதான்டா இது என்று சொல்லியிருக்க வேண்டும். எந்தப் புத்தியில் செய்தேனோ, தொண்டையைக் கனைத்து, அதாவது, என்ன விஷயம் என்றேன்.

நான் இங்கயே தங்கிப் படிக்கட்டுமா என்றாள். ஏன் என்றேன். இங்க ஸ்கூல் விட்டு வந்தா கதவு தொறந்திருக்கும்ல, எங்க வீட்ல பூட்டியிருக்கும், நான் படிக்கட்டுல உக்காந்திருப்பேன், அப்பா லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்களையெல்லாம் வெளிய விட்டுட்டுத்தான் வருவாரு, கேட்டா அழுவாரு பாவம் என்றாள்.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எதிர் வீட்டு டீச்சரம்மா அவளைப் பார்த்துக்கொள்வதாக உனக்கு எழுதிக்கொண்டிருந்தேனே, அவர்கள் வீடு மாறி நாலு மாதம் ஆகிறது. எழுதினால் அக்கா வீட்டில் விடு என்பாய். அந்த மனிதரிடம் என் பிள்ளையை விட எனக்கு மனசு வரவில்லை. திட்டுவதென்றால் நேரில் வந்து திட்டு.

அதாவது, அப்பா அழ மாட்டாரு, நீயே கேட்டுப் பாரு என்று மட்டும் தட்டிடம் சொன்னேன். மூன்று நாள் காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. செருப்பை மாட்டிவிடும்போதெல்லாம் என் முகத்தைப் பார்ப்பாள், பிறகு வேறு எதையாவது பேசுவாள். ஏழு வயசில் இவ்வளவு அடக்கத் தெரிந்திருக்கிறது.

இன்று காலை நானே பேச்சை எடுத்தேன். அப்பாவுக்கு வேலை ஜாஸ்தி, அம்மா வர்ற வரைக்கும் இங்க இருந்து எனக்கு உதவி பண்றியா என்றேன். என் கண்ணையே உற்றுப் பார்த்தாள். நான் சிரித்து வைத்தேன். சரிப்பா, உங்களுக்காக இருக்கேன் என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிட்டு, பெரியம்மாவிடம் சொல்ல ஓடினாள். ஓடிய வேகத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

பள்ளிக்கூடப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். சகலை தன் பேனாவைக் கொடுத்தார். அப்போது மட்டும் அந்த மனிதர் வாயைத் திறக்கவில்லை. ஒரு 'அதாவது' சொல்லியிருந்தால் கொஞ்சம் எரிச்சல்பட்டாவது ஆறியிருப்பேன்.

நாளை மதிய ரயிலில் தனியாகத் திரும்புகிறேன். பூட்டிய கதவைத் திறக்க வேலையிலிருந்து ஓடி வரும் அவசரம் இனி இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு. ஷூ கடிக்கிறது என்று அக்காவுக்கு எழுதியிருந்தாயே, வேறு வாங்கிக்கொள். நேற்று பட்டாணி வாய் தவறி உன் அக்காவை அம்மா என்று கூப்பிட்டாள். அவரும் என்னம்மா என்று கேட்டார். இதை உனக்கு எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் நான் மட்டும் எதற்கு எரிய வேண்டும்.

இனிமேல் எனக்கு வரும் கடிதம் ஆறு பக்கத்துக்குக் குறையக் கூடாது. நீ நல்லபடியாக இருக்க வேண்டும், அதுதான் என் வேண்டுதல். அங்கே உன் ஒப்பந்தம் முடிய இன்னும் பதினாலு மாதம் இருப்பது தெரியும். அதுவரை விடமாட்டார்கள் என்பதும் தெரியும்.

அதாவது, சீக்கிரம் வந்துவிடு.

இப்படிக்கு,
பட்டாணியின் அப்பா