பூச்சி உருண்டை வாசம்

லூர்து மாதா துணை

லிந்துலை,
9 ஆகஸ்ட் 1936, ஞாயிறு

மூத்த மகன் லோரன்ஸுக்கு அம்மா மரியநாயகி எழுதுவது.

நீ சுகமா என்று கேட்க எனக்கு முகம் இல்லை. இங்குள்ள செய்தியைச் சொல்கிறேன். உன் மகளுக்கு முன்பல் இரண்டு விழுந்துவிட்டன. சுகிர்தம் வீட்டைப் பூட்டிவிட்டு, பிள்ளையோடு அக்கரப்பத்தனையில் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். போகுமுன் கடைவாசலில் நின்று, நாலு பேர் கேட்க, "அத்தை, உங்க பெரிய மகன் திருடருதான், நான் இல்லேங்கல. ஆனா உங்ககிட்ட திருட மாட்டாருங்க" என்றாள். நான் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மழை விடவில்லை. வியாபாரமும் சரியில்லை. வட்டவளை பாக்டரிக் காவல்காரன் செல்லசாமி போன வாரம் வந்து எட்டிப் பார்த்தான். "பெரியவரு வரட்டுங்கம்மா, அப்ப பாத்துக்குவோம்" என்று உன்னைத்தான் சொல்லி, கொண்டுவந்த தேயிலைத் தூளையும் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டான். உன் தம்பி றோலண்ட் கல்லாவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவன் முகம் கறுத்ததை அன்றுதான் கவனித்தேன்.

உன் அப்பா தொடங்கிய தொழிலைப் பற்றி நான் இதுவரை எந்தக் காகிதத்திலும் எழுதியதில்லை. இன்று எழுதுகிறேன். பாக்டரிகளிலிருந்து களவாய் வரும் தூளை வாங்கி, கடைத் தேயிலையில் கலந்து விற்றுத்தான் உங்கள் இருவரையும் வளர்த்தோம். கன்னியர் மடத்தில் படித்தவள் நான். அது பாவம் என்று தெரிந்தே செய்தேன்.

அப்பாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்து வேலையைப் பிரித்துக் கொடுத்தேன். மூட்டையும் மழையும் மலைப்பாதையும் உனக்கு. கல்லாவும் என் அறை அலுமாரிச் சாவியும் தம்பிக்கு. அவனுக்கு நெஞ்சுச் சளி, நனையக் கூடாது என்று காரணம் சொன்னேன். அப்போது நீயும் இருமிக்கொண்டிருந்தாய்.

மூன்று மாதமாகத் தூள் குறைந்தபோது, "அண்ணந்தாம்மா ஒதுக்குறாரு" என்று றோலண்ட் சொன்னான். நம்பினேன். மொட்டைக் கடுதாசி போய், போலீஸ் வந்து உன் அரிசிப் பெட்டிக்குப் பின்னால் இருபது இறாத்தல் தூளை எடுத்தபோது, முழுதாக நம்பினேன். கோர்ட்டில் உனக்காகப் பேசப் புரொக்டர் வைக்கவும் மறுத்தேன்.

கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் கோபத்தோடுதான் ஏறினேன். நீதிபதி அந்தப் பையை என்னிடம் காட்டச் சொன்னார். பழக்கத்தில் ஒரு பிடி அள்ளி முகர்ந்தேன். பூச்சி உருண்டை வாசம். பக்கத்தில் இருக்கும் எதன் வாசத்தையும் தேயிலை குடித்துவிடும் என்று, சவர்க்காரத்தின் அருகே மூட்டை வைத்ததற்கு உங்கள் இருவரையும் அடித்தவள் நான். உன் வீட்டில் பூச்சி உருண்டை ஏது? அப்பாவின் கல்யாணக் கோட்டுக்காக என் அலுமாரியில்தான் போட்டு வைத்திருக்கிறேன். அதன் ஒரே சாவி றோலண்டிடம்.

நம்மிடம் தேயிலை விற்க லைசன்ஸ் இருக்கிறது. எங்கள் கடைத் தூள்தான் என்று சொல்லியிருந்தால் உன்னை விட்டிருப்பார்கள். அங்கே கொண்டுபோய் வைத்தது யார் என்று அடுத்துக் கேட்டிருப்பார்கள். அதற்குப் பயந்து, "எங்கள் கடையுடையது இல்லை, துரை" என்றேன். நீ எதிரிலிருந்து என்னைப் பார்த்தாய். உனக்கும் அந்த வாசம் தெரிந்திருந்தது என்று இப்போது நினைக்கிறேன். நீ வாய் திறக்கவில்லை. ஒன்றரை வருஷம் ஜெயில் என்றார்கள்.

நேற்று றோலண்டிடமிருந்து சாவியை வாங்கி அலுமாரியைத் திறந்தேன். கோட்டின் மடிப்பெல்லாம் தேயிலைத் தூசி. அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். மறைக்கவில்லை. நீங்கள் பூசைக்குப் போயிருந்த நேரம் கொண்டுபோய் வைத்தானாம். "எல்லாத்தையும் எனக்குத்தாம்மா குடுத்தீங்க. ஆனா இந்தத் தெருவுல ஒருத்தனாவது என்னையப் பெரியவருன்னு கூப்புட்டானா?" என்றான். பிறகு, "கோர்ட்டுல என்னையக் காப்பாத்துனதே நீங்கதானே, இப்ப என்னத்துக்குக் கேக்குறீங்க?" என்றான்.

கைதிக்கு வரும் கடிதத்தை ஜெயிலர் பிரித்து வாசித்த பிறகுதான் கொடுப்பார் என்று இங்கே விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அதனால்தான் பெயர்களையெல்லாம் முழுதாக எழுதினேன். வாசிக்கும் ஐயாவுக்கு: இது என் கையெழுத்து. கூப்பிட்டால் வந்து சத்தியம் செய்வேன். என்னைத் தேட வேண்டியதில்லை, கடையிலேயே இருப்பேன். றோலண்டுக்கு இது தெரியாது. சாப்பிட்டுவிட்டு உள்ளே தூங்குகிறான்.

லோரன்ஸ், என்னை மன்னிக்கும்படி உன்னைக் கேட்கமாட்டேன். நீ வந்ததும் முதலில் அக்கரப்பத்தனைக்குப் போய் உன் பெண்சாதியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. மாதா உன்னைப் பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இத்துடன் ஒரு கம்பளிச் சட்டை அனுப்புகிறேன். நானே பின்னியது. உனக்கென்று நான் பின்னிய முதல் சட்டை இதுதான். அங்கே இருக்கும்வரை போட்டுக்கொள். வெளியே வரும் நாளில் அதை அங்கேயே விட்டுவிட்டு வா, ராசா. அடுத்து அங்கே வரும் தம்பிக்குக் குளிர் தாங்காது.

உன் அம்மா
மரியநாயகி