கடலைப் பார்த்த வீடுகள்

மே 4. அடையாறு.

காலையிலிருந்தே புழுக்கம். கீதாம்மா வீட்டில் மூட்டை கட்டும் வேலை. டயாபர், ராகி மாவு, நெய், ரசப்பொடி. எனக்கு கீதாம்மாவின் பழைய ஸ்வெட்டர். பாப்பாவைப் பார்த்துக்கொள்ள கீதாம்மா, சாரோடு நானும் இத்தாலி போகிறேன்.

சாயங்காலம் நொச்சிக்குப்பம். அத்தையிடம் சொல்லிக்கொள்ள. என் வீட்டுக்காரர் கடலுக்குப் போய்த் திரும்பாமல் ஒன்றரை வருஷம். உடம்பு கிடைக்கவில்லை. வருகிற அமாவாசையில் காரியம் பண்ணிவிடலாம் என்கிறது அத்தை.

"பெத்தவ நானே சொல்றேன். நீ இன்னும் தாலியக் கட்டிக்கினு யாருக்குடி காத்துக்கினு கீறே?"

போய்வந்து சொல்கிறேன் என்றேன். மத்திக் குழம்பு. உப்பு கம்மி.

மே 8.

மேகம். குளிர். ஊர் பேர் கமோலி. காலண்டர் படம் மாதிரியேதான். கரையை ஒட்டி உயரம் உயரமாக வீடுகள், மஞ்சள், ரோஸ், செங்கல் நிறம். எந்தச் சந்தில் திரும்பினாலும் கடல்.

அவர் போனதிலிருந்து நான் கடலுக்கு முகம் காட்டி உட்காருவதில்லை. பால்கனிக் கதவைச் சாத்தினேன். சார் திறந்தார். மறுபடி சாத்தினேன். பாப்பாவுக்குக் காற்று ஆகாது என்றேன். பொய்.

ரசம் வைத்தேன். புளி கொண்டுவந்தது நல்லதாய்ப் போச்சு.

மே 9.

வெயில். கடையில் எலுமிச்சை பிழிந்த நெத்திலி. பச்சையாகவே தின்கிறார்கள். சாரும் தின்றார்.

இங்கே பாதி ஜன்னல் நிஜமில்லை. சுவரில் வரைந்தது, நிழல்கூட. பாப்பா ஏமாந்து டாட்டா காட்டியது.

சார் போனில் படித்துச் சொன்னார். கடலிலிருந்து வரும் ஆம்பிளைகள் தூரத்திலேயே தங்கள் வீட்டைக் கண்டுபிடிக்கத்தான் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறமாம். எவ்வளவு அழகு இல்ல செல்வி என்றார் கீதாம்மா. ஆமாம்மா என்றேன். கீதாம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. வேலைக்குச் சேரும்போது வீட்டுக்காரர் கடல் தொழில் என்று மட்டும் சொன்னேன்.

எங்கள் குடியிருப்பு முழுக்க ஒரே நிறம். என் வீட்டுக்காரருக்கு நிறம் தேவையே இல்லை. லைட்ஹவுஸையும் சாந்தோம் கோபுரத்தையும் வைத்தே கரை பிடிப்பார். வழி தெரியாமல் எங்கேயோ நிற்கிற ஆள் இல்லை.

இதை முன்னாலேயே யோசித்திருக்கலாம்.

மே 10.

படகில் பக்கத்து ஊர். பாப்பா என் மடியில், வராமல் முடியாது. படகுக்காரருக்கு வயசாச்சு. கயிறு இழுத்துக் காய்த்த கை. காற்று திரும்பியதும் பாப்பாவைத் துண்டால் மூடினேன். அப்புறம்தான் தண்ணீர் தெறித்தது. படகுக்காரர் பார்த்துவிட்டு அரைகுறை இங்கிலீஷில் ஏதோ கேட்டார். கடல்காரப் பெண்ணா என்று கேட்கிறாராம், சார் சொன்னார். ஆமாம், வீட்டுக்காரர் மீன் பிடிக்கிறவர் என்று கீதாம்மா முந்திக்கொண்டார். படகுக்காரருக்கு ஒரே சந்தோஷம். பெரிய படகா சின்னதா என்று கையை விரித்துக் கேட்டார்.

பாப்பாவின் தொப்பி நாடாவைக் கட்டினேன்.

"அவரு போய்ச் சேர்ந்துட்டாரு சார். கடல்லயே. சொல்லிடுங்க."

கீதாம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். படகுக்காரர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு எஞ்சினைக் குறைத்தார்.

கரையைத் திரும்பிப் பார்த்தேன். எல்லா நிறமும் தெரிந்தது. எந்த ஜன்னல் நிஜம், எது வரைந்தது, அங்கிருந்து தெரியவில்லை.

மே 11.

நல்ல வெயில். அத்தைக்கு போன். அமாவாசை என்றைக்கு என்று கேட்டேன். தேதியைச் சொன்னது. அப்புறம், "துன்னியா?" என்றது.

பாப்பா துணியைப் பால்கனியில் காயப்போட்டேன். காற்று நன்றாக வருகிறது.