பின் சீட்டை மடக்க வேண்டாம்

கும்மிடிப்பூண்டி,
அக்டோபர் 26, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் ஷைனிக்கு உன் நைனா எழுதிக்கொள்வது. மாதாவின் புண்ணியத்தில் இங்கே நான், உன் அம்மா, உன் தம்பி சாம்சன் மூன்று பேரும் மழையில் நனைந்துகொண்டு நன்றாகவே இருக்கிறோம். அங்கே நீயும் பேத்தி ஜெபாவும் நலமா என்று கேட்டால் உடனே "சூப்பரா இருக்கோம் நைனா" என்பாய், அதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது, இந்த முறை உண்மையைத் தெரியப்படுத்தவும். மாப்பிள்ளை ஸ்டீவனை விசாரிக்காமல் விட்டுவிட்டேனே என்று நினைக்காதே, அதற்குக் காரணம் இருக்கிறது, வருகிறேன். வாரா வாரம் போனில் முகம் பார்த்துப் பேசுகிற மனுஷன் எதற்காகக் கடிதம் எழுதுகிறார், அதுவும் வீட்டு விலாசத்துக்குப் போடாமல் வேலை செய்கிற ஆஸ்பத்திரிக்குப் போட்டிருக்கிறாரே என்று பயந்துவிடாதே, இங்கே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்படிப் போடச் சொன்னது உன் அம்மாதான். "போன்ல கேட்டா சிரிச்சி மழுப்பிடுவா, ஊட்டுக்குப் போட்டா யாரு கையில மாட்டுமோ, நீ ஆஸ்பத்திரிக்கே எழுதிப் போடுய்யா" என்றாள். அவள் ஒன்று சொல்லி நான் மறுத்துப் பேசினால் அன்றைக்கு ரசத்தில் உப்பு இருக்காது என்பது உனக்குத் தெரியும்.

எனக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, டாக்டரம்மா திட்டினார்கள், டீயில் சர்க்கரையை விட்டாயிற்று, உன் அம்மா பார்க்காதபோது மட்டும் போட்டுக்கொள்கிறேன். அவளுக்கு முட்டிவலி இருக்கிறது, ஆனாலும் காலைப் பூசைக்கு நடந்தே போவேன் என்கிறாள், ஷேர் ஆட்டோவில் ஏறினால் மாதா கோபித்துக்கொள்வாளாம். சிப்காட் ரோடு முழுக்கப் பள்ளம், மழைத் தண்ணீரில் எது ரோடு எது குட்டை என்று தெரியாமல் லாரிக்காரர்கள் பேஜாராகிப் போகிறார்கள். சாம்சனுக்கு ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது, நல்ல குடும்பம், பெண் டீச்சர் டிரெய்னிங் முடித்தவள். உங்களுக்குச் சமைக்கத் தெரியுமா என்று அந்தப் பெண் நேராகவே கேட்டுவிட்டது, முட்டை வேகவைப்பேன் என்றான் உன் தம்பி. அதற்கே அவர்கள் சம்மதம் என்று சொல்லியிருப்பது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

இப்போது வண்டி விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரி லீவுக்கு ஒரு கேரவனைக் கட்டி இழுத்துக்கொண்டு ஊர் சுற்றப் போகிறேன், அதற்குப் பெரிய வண்டி வாங்க வேண்டும், வெள்ளை ஒன்று சாம்பல் ஒன்று என்று இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன், எதை எடுக்கட்டும் நைனா என்று நீ கேட்டாயே, அன்றைக்கு எனக்குத் தரையில் கால் பாவவில்லை. இருபத்தெட்டு வருஷம் டிரெய்லர் ஓட்டியவன், கண் ஆபரேஷனுக்குப் பிறகு சிப்காட் கம்பெனியில் லாரிகளை நிறுக்கிற இந்த எடை மேடையில் உட்கார்ந்து சீட்டுக் கிழித்துக் கொடுப்பவன், என்னிடம் ஆஸ்திரேலியாவிலிருந்து மகள் வண்டி யோசனை கேட்கிறாள் என்று வந்து போகிற டிரைவர் எல்லோரிடமும் சொன்னேன். டீக்கடை அரசப்பன் அதைக் கேட்டுவிட்டு, கேரவன் என்றால் ஷூட்டிங்கில் நடிகைகள் உட்காருகிற பஸ் என்று நினைத்து, "வரதண்ணன் பொண்ணு சினிமால சேந்துக்கீது" என்று தெருவெல்லாம் பரப்பிவிட்டான். கோயில் வாசலில் இரண்டு பேர் உன் அம்மாவிடம் என்ன படம் என்று கேட்டார்கள். அது வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கிற சின்ன வீடு, கட்டிலும் அடுப்பும் உள்ளேயே இருக்கும் என்று புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

அன்றைக்குப் போனில் நான் சொன்னதை ஞாபகப்படுத்துகிறேன். கேரவனின் மூக்கு வந்து வண்டியின் கொக்கியில் உட்காரும்போது வண்டியின் பின்பக்கம் குந்தும், முன்பக்கம் தூக்கும், ஸ்டியரிங் லேசாகிவிடும், லைட்டு ரோட்டைப் பார்க்காமல் ஆகாயத்தைப் பார்க்கும். அதற்காகத்தான் தானாக மட்டம் பிடிக்கிற சஸ்பென்ஷன் வேண்டும் என்கிறார்கள். எவ்வளவு பாரம் விழுந்தாலும் காற்றை நிரப்பிக்கொண்டு வண்டி பழையபடி நேராக நிற்கும். இரண்டிலும் அது இருக்கிறது, வெள்ளையில் நான்கு சக்கரத்துக்கும் காற்று, சாம்பலில் பின் சக்கரத்துக்கு மட்டும், முன்னால் சாதா ஸ்பிரிங். நான் வெள்ளையை எடு என்றேன், பெரிய மனுஷ வண்டி, குழந்தைக்கு அலுங்காது. எத்தனை பேர் என்று கேட்டேன். நானும் ஜெபாவும்தான் என்றாய். அப்படியானால் பின் சீட்டில் பாதியை மடக்கிவிட்டு அங்கே சாமான் ஏற்று என்றேன். இன்னொன்றும் சொன்னேன், அதைப் பிறகு எழுதுகிறேன்.

போன வாரம் குப்புராஜ் வந்தான். கம்பெனி முதலாளியின் காரை ஓட்டுகிறானே, அந்தக் குப்புராஜ்தான். அந்த வண்டியிலும் இதே மாதிரி காற்று சஸ்பென்ஷன், முதலாளி சாப்பிட்டுத் தூங்குகிற நேரம், ஒரு தடவை காட்டுடா என்றேன். மேடையில் ஏற்றி இஞ்சினை ஓடவிட்டு, மேடையைச் சோதிக்க நாங்கள் வைத்திருக்கும் இரும்புக் குண்டுகளை ஒவ்வொன்றாகப் பின்னால் அடுக்கினோம். முதலில் பின்பக்கம் கொஞ்சம் இறங்கியது, அப்புறம் மூச்சு வாங்குகிற மாதிரி ஒரு சத்தம், மெதுவாக எழும்பி நேராக நின்றுவிட்டது. இன்னும் வைத்தோம், மறுபடியும் நின்றது. லாரி மேடை ஏறும்போதே பின்பக்கம் எவ்வளவு குந்தியிருக்கிறது என்று பார்த்து எடையைச் சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு திமிர் உண்டு, உனக்கும் தெரியும். இந்த வண்டியைப் பார்த்து என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. சும்மா நிற்கிற காரைப் போல நின்றது, திரையைப் பார்த்தால் எண் ஏறிக்கொண்டே போகிறது.

அந்த நேரம் பார்த்து உன் அம்மா சாப்பாட்டுக் கூடையோடு வந்தாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "இன்னாய்யா இது, இம்மாம் இரும்ப வெச்சும் குனிய மாட்டேங்குது, நம்ம ஷைனி மாரியே கீது" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "டூருக்கு எத்தினி பேரு போறாங்களாம்?" என்று கேட்டாள். ரெண்டு பேர்தான், அவளும் குழந்தையும் என்றேன். "அப்போ மாப்ள எங்க குந்துவாரு?" என்றாள். அன்றைக்கு நீ அந்தக் கேரவன் ஆறு மாசம் தாங்கினால் போதும் நைனா என்றாயே, நான் அதை டயருக்குச் சொல்கிறாய் என்று எடுத்துக்கொண்டேன். அதையும் சொன்னேன். "ஊரு சுத்தப் போறவ ஆறு மாசம் எதுக்குய்யா அதுல இருக்கணும்? அவ ஊட்ட உட்டுப் போறாய்யா" என்று சொல்லிவிட்டு கூடையைக் கீழே வைத்தாள். குப்புராஜ் நல்லவன், காதில் விழாத மாதிரி குண்டுகளை இறக்க ஆரம்பித்தான். அன்றைக்குக் கொண்டுவந்த சாப்பாட்டை நாங்கள் இரண்டு பேரும் தொடவில்லை.

ஷைனி, நான் சொன்ன இன்னொன்று என்ன என்று உனக்கு மறந்திருக்காது. ஸ்டீவன் வரவில்லை, நாங்கள் இரண்டு பேர்தான் என்று நீ சொன்னபோது, ரொம்ப நல்லதாகப் போயிற்று, எண்பது கிலோ மிச்சம் என்றேன். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பு ஒரு வாரமாக என் காதை விட்டுப் போகவில்லை. பெற்ற மகள் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் எதையோ சொல்ல வருகிறாள், நான் எடைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். உன் அம்மா என்னைத் திட்டியிருந்தால்கூட ஆறியிருப்பேன்.

நாங்கள் நினைப்பது தப்பு என்றால் உடனே போன் போட்டு நன்றாகத் திட்டு, சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன், மாப்பிள்ளையிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். தப்பில்லை என்றால், என்ன நடந்தது, யார் மேல் குற்றம் என்று நான் கேட்க மாட்டேன். உனக்குச் சொல்லத் தோன்றும்போது சொல், தோன்றாவிட்டால் சொல்லவே வேண்டாம். தம்பி கல்யாணம் முடியும்வரை வெளியே தெரியக் கூடாது என்றுதான் நீ அடக்கிக்கொண்டு இருக்கிறாய் என்று உன் அம்மா அடித்துச் சொல்கிறாள். அந்த எண்ணம் இருந்தால் இன்றோடு விட்டுவிடு. ஊத்துக்கோட்டைக்காரர்களிடம் நானே போய்ப் பேசுகிறேன். இதற்காக வேண்டாம் என்று போகிற சம்பந்தம் போகட்டும், முட்டை வேகவைக்கத் தெரிந்தவனுக்கு வேறு பெண் கிடைக்கும். கோயில் வாசலில் நாலு பேர் கேட்பார்கள், அவர்களுக்குச் சினிமாவில் சேர்ந்துவிட்டாள் என்றே சொல்லிக்கொள்கிறேன். நீ எங்கள் வீட்டுப் பெண், எப்போது வந்தாலும் கதவு திறந்திருக்கும், அதில் உனக்குச் சந்தேகமே வரக் கூடாது.

வண்டிக்கு என் முடிவை மாற்றிக்கொண்டேன். வெள்ளை வேண்டாம், சாம்பல் வண்டியை எடு. நாலு சக்கரமும் காற்றை நம்பி நிற்கிற வண்டி ஏதாவது சின்ன ஊரில் படுத்துக்கொண்டால் நீயும் குழந்தையும் ரோட்டில் நிற்பீர்கள். சாம்பலில் பின்னால் காற்று போனாலும் முன்பக்கம் ஸ்பிரிங்கில் நிற்கும், எந்த மெக்கானிக்கும் கை வைப்பான். கேரவனுக்குத் தனி பிரேக் இருக்கிறதா என்று பார், கனமான சாமானைக் கேரவனின் சக்கரத்துக்கு மேலே வை, வாலில் வைத்தால் ஆட்டம் கொடுக்கும். ஒன்றை மட்டும் மறக்காதே, மட்டம் பிடித்து நிற்பதால் வண்டிக்குப் பாரம் குறைந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை, டயரும் அச்சும் அத்தனையையும் சுமந்துகொண்டுதான் இருக்கும். பழைய லாரி குந்திக் காட்டிவிடும், பார்க்கிறவன் அண்ணே ஓவர்லோடு என்று கத்துவான். இது காட்டாது. அதனால் கிளம்புவதற்கு முன்னால் அங்கே ஏதாவது எடை மேடையில் ஏற்றிப் பார்த்துவிடு. உனக்கும் அதையேதான் சொல்கிறேன் கண்ணு, எங்கள் முன்னால் நேராக நிற்க வேண்டும் என்று இல்லை. வண்டி அப்படி நிற்கட்டும், நீ அழ வேண்டும் என்றால் அழு.

ஜெபா பிறந்தபோது அங்கே வருவதற்காக எடுத்தோமே, வரத்தான் முடியவில்லை, அந்தப் பாஸ்போர்ட்டுக்கு இன்னும் உயிர் இருக்கிறது. சாம்சன் விசாவுக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான், நீ அழைத்ததாக ஒரு கடிதம் வேண்டுமாம், அனுப்பி வை. அவனிடம் பேத்தியைப் பார்க்கப் போகிறோம் என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன், மீதியை நீ எப்போது சொல்லச் சொல்கிறாயோ அப்போது சொல்கிறேன். விசா ஜனவரிக்குள் வந்துவிடும் என்றுதான் சொல்கிறார்கள், தள்ளிப்போனால் நீ காத்திருக்காதே, கிளம்பு, எங்கே நிறுத்தியிருக்கிறாயோ அங்கே வந்து சேருவோம். வந்துவிட்டால் நான் முன் சீட்டில் உன் பக்கத்தில் உட்காருவேன், பிரேக்கைப் பிடி, ஹாரன் அடி என்று ஒரு வார்த்தை பேச மாட்டேன். உன் அம்மாவுக்குக் கார் என்றால் வாந்தி வரும், பின்னால் ஜன்னல் பக்கம் அவளுக்கு, அவள் மடியில் சாய்ந்துகொள்ள ஜெபாவுக்கு இடம் வேண்டும். ஆகவே நான் சொன்ன மாதிரி பின் சீட்டை மடக்க வேண்டாம்.

மாதா உன்னையும் குழந்தையையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு, நைட் டியூட்டி முடிந்ததும் உடனே வண்டியை எடுக்காதே, ஜெபாவுக்கு இரண்டு பேருடைய முத்தமும். நேற்று சாயங்காலம் லாரி எதுவும் வராத நேரம் பார்த்து உன் அம்மாவைக் கூப்பிட்டு, நானும் அவளும் செருப்பைக் கழற்றிவிட்டு எடை மேடையில் ஏறி நின்றோம். ஆளை நிறுத்துப் பார்க்கிற மேடை இல்லை, பத்துப் பத்தாகத்தான் காட்டும், இருந்தாலும் பார்த்தோம். இதில் யாருக்கு எவ்வளவு என்று ஷைனிக்கு எழுதக் கூடாது என்று உன் அம்மா உத்தரவு. இரண்டு பேரும் சேர்ந்து நூற்று நாற்பது கிலோ. மறக்காமல் அதையும் உன் கணக்கில் ஏற்றிக்கொள்.

இப்படிக்கு,
உன் நைனா வரதன்,
பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வரி விடாமல் படிக்கச் சொல்லிக் கேட்ட உன் அம்மா ஆரோக்கியமேரி.